உங்கள் பழைய கீபோர்டுக்கு என்ன விலை?

“அண்ணே, இதைக் குடுத்துட்டு அடுத்த மாடல் எடுத்துக்கலாம்னு வந்தேன். எவ்வளவு கழிப்பீங்க?”

தமிழ்நாட்டில் எந்த ஊர் இசைக்கருவிக் கடையிலும் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவர் சர்ச் பாடகர் குழுவுக்கு வாசிப்பவராக இருப்பார். இல்லையென்றால் திருவிழா மேடையேறும் மெல்லிசைக் குழுவில் ஒருவர். அதுவும் இல்லையென்றால் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் மாஸ்டர். தோளிலிருந்து இறங்கும் பையில் ஜிப் பாதி வேலை செய்யாது. உள்ளே இருப்பது பல வருடம் அவருக்குச் சோறு போட்ட கீபோர்டு. கடைக்காரர் உடனே விலை சொல்வதில்லை. “மொதல்ல போட்டுக் காட்டுங்க தம்பி” என்று பிளக்கை எடுத்து நீட்டுவார்.

அதற்குப் பிறகு நடக்கும் பேச்சில்தான் அந்த இளைஞர் அடுத்த சீசனை எந்தக் கருவியோடு சந்திக்கப்போகிறார் என்பது முடிவாகிறது. மேடையில் வாசித்துப் பிழைப்பவரிடம் சம்பளச் சீட்டு கிடையாது. வங்கிக் கடன் லேசில் கிடைக்காது. பெரிய கம்பெனிகளின் புது வொர்க்ஸ்டேஷன் கீபோர்டு ஒரு லட்சத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். எனவே, கையிலிருப்பதைக் கொடுத்து, மேலே கொஞ்சம் போட்டு, ஒவ்வொரு படியாக ஏறுகிறார்கள். அத்தை வாங்கித் தந்த சின்ன கேசியோவிலிருந்து யமஹா பிஎஸ்ஆர். அதிலிருந்து ரோலண்ட், அல்லது கோர்க். வசதியில்லாத வீட்டிலிருந்து வந்து இன்று நன்றாக வாசிக்கும் கலைஞர்களை விசாரித்துப் பாருங்கள். அவர்கள் கைக்கு வந்த கருவிகளில் பாதி, யாரோ ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதாக இருக்கும்.

பழைய நகையை மாற்றப் போகும்போது நமக்கு ஒரு தைரியம் இருக்கிறது. அன்றைய கிராம் விலை பேப்பரில் வந்திருக்கும், தராசு கண்ணெதிரே இருக்கும், சேதாரம் ஏன் இவ்வளவு என்று கேட்டுச் சண்டை போடலாம். இசைக்கருவிக்கு அப்படியொரு விலைப்பலகை எந்தக் கடையிலும் தொங்குவதில்லை. கடைக்காரரின் காதும் கையும் சொல்வதுதான் விலை. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும், கணக்கு தெரியாமல் போனால் நாம் தலையாட்டிவிட்டு வரவேண்டியதுதான். அந்தக் கணக்கு ஒன்றும் ரகசியமில்லை.

முதலில் கேட்க வேண்டியது

“என் பழசுக்கு எவ்வளவு?” என்று ஆரம்பிக்கக் கூடாது. “எக்ஸ்சேஞ்ச் எதுவும் இல்லாமல், மொத்தப் பணமும் கட்டினால் இந்தப் புதுசு எவ்வளவு?” என்று கேட்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பியில்தான் விற்பார்கள் என்பதில்லை; பல கடைகளில் வழக்கமான ஒரு கழிவு உண்டு. எக்ஸ்சேஞ்ச் என்று வாயைத் திறந்ததும் அந்தக் கழிவு காணாமல் போய்விடலாம். பழசுக்குப் 12,000 ரூபாய் கிடைத்ததென்று சந்தோஷமாக வெளியே வருகிறோம். அதில் 5,000, ரொக்கமாக வாங்கியிருந்தால் சும்மாவே குறைந்திருக்கக் கூடிய பணம். இரண்டு விலையையும் தனித்தனியாகக் கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். கடைக்காரரை அவமதிப்பதாக நினைக்க வேண்டாம். பழகிய வாடிக்கையாளர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள்.

பழசின் விலை எப்படி வருகிறது? கடை இதை மறுபடி எவ்வளவுக்கு விற்க முடியும் என்பதுதான் தொடக்கம். 20,000 ரூபாய்க்கு விற்கலாம் என்று வைத்துக்கொள்வோம். உலகெங்கும் பழைய கருவி வாங்கி விற்கும் கடைகளில் புழங்கும் கணக்குப்படி, உங்களுக்கு அதில் பாதி, நல்ல நிலையில் இருந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல். அதாவது பத்திலிருந்து பன்னிரண்டாயிரம். மீதி எங்கே போகிறது? சர்வீஸ் செலவு, விற்கும்வரை மாதக்கணக்கில் முடங்கும் முதல், அடுத்து வாங்குபவருக்குத் தரும் உத்தரவாதம், வரி, லாபம். இந்தப் பாதி விலையைக் கேட்டதும் பலருக்கு மனசு விட்டுப்போகிறது. நேரடியாக ஆள் பார்த்து விற்றால் பதினாறு, பதினேழு கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்கும்தான். ஆனால் போன் பண்ணிப் பேரம் பேசும் முப்பது பேருக்குப் பதில் சொல்ல வேண்டும், வீட்டு வாசலில் முன்பின் தெரியாதவரை நிறுத்திப் போட்டுக் காட்ட வேண்டும், பத்து நாள் கழித்து “நாலாவது கட்டை பேசலை” என்று அவர் திரும்பி வந்தால் முகம் கொடுக்க வேண்டும். அவசரமில்லாதவர் நேரடியாக விற்கட்டும். அடுத்த வாரம் கச்சேரி வைத்திருப்பவருக்குக் கடையே நல்லது.

வரியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், கடைகளில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி அதில்தான் வருகிறது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது இசைக்கருவிகளை 28 சதவீதத்தில் வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அது 18 ஆகக் குறைந்தது. சரி, புதுசு 60,000, பழசுக்குக் கழித்தது 11,000, நீங்கள் கட்டுவது 49,000 என்றால் வரி எதன் மேல்? 49,000 மேல் என்றுதான் நாம் நினைப்போம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஜிஎஸ்டி விதி 27-ன்படி, எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் என்ன விலையோ அதன் மேல்தான் வரி. விதியிலேயே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள்: பழைய போனைக் கொடுத்து 20,000 ரூபாய்க்கு வாங்கும் புதுப் போன், எக்ஸ்சேஞ்ச் இல்லாவிட்டால் 24,000 என்றால், அதன் மதிப்பு 24,000தான். ஆகவே பில்லில் முழு விலைக்கும் வரி போட்டிருந்தால் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை.

உங்கள் பழசைக் கடை மறுபடி விற்கும்போது கணக்கு வேறு. விதி 32-ன் ஐந்தாம் உட்பிரிவு, பழைய பொருள் வாங்கி விற்பவருக்கு ஒரு சலுகை தருகிறது. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். வாங்கியபோது உள்ளீட்டு வரிக் கழிவு எடுத்திருக்கக் கூடாது, பொருளின் தன்மை மாறும் அளவுக்கு வேலையும் செய்திருக்கக் கூடாது. பதினோராயிரத்துக்கு எடுத்து இருபதாயிரத்துக்கு விற்றால், ஒன்பதாயிரம்தான் வரிக்கு உரியது. “பழசு எடுத்தா முழு விலைக்கும் டாக்ஸ் கட்டணும் சார், அதனாலதான் கம்மியாச் சொல்றேன்” என்று யாராவது சொன்னால், இதை ஞாபகத்தில் வைத்துப் பேசலாம்.

பில் இல்லாமல் வாங்கினால் இன்னும் குறைத்துத் தருகிறேன் என்று சொல்லும் கடையிலிருந்து கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பில் போனால் உத்தரவாதம் போகிறது. நாளைக்கு நீங்கள் எக்ஸ்சேஞ்ச் செய்யப் போகும்போது, இது திருட்டுக் கருவி இல்லை என்று காட்டும் ஒரே சான்றும் போகிறது. நல்ல கடைகள் பழசு வாங்கும்போது பில், அடையாள அட்டை நகல், சீரியல் நம்பர் மூன்றையும் கேட்கின்றன. கேட்காத கடையை நினைத்துத்தான் கவலைப்பட வேண்டும்.

கட்டைக்கு அடியில் கறுப்புப் புள்ளி

பிளக் போட்டதும் கைதேர்ந்த கடைக்காரர் பாட்டு வாசிக்க மாட்டார். இடது கோடியில் ஆரம்பித்து வலது கோடிவரை, வெள்ளை கறுப்பு ஒன்று விடாமல், ஒரே அழுத்தத்தில் மெதுவாகத் தட்டிக்கொண்டே போவார். பிறகு மறுபடி முதலிலிருந்து, இந்த முறை பூப்போல. ஏதோ ஒரு கட்டை மட்டும் திடீரென்று கத்தும். இன்னொன்று ஊமையாக இருக்கும். அவர் கேட்க நினைத்தது அதைத்தான்.

இதன் காரணம் எளியது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர் பட்டையில் இரண்டு கார்பன் புள்ளிகள் இருக்கின்றன. அழுத்தும்போது ஒன்று முதலில் தொடும், மற்றது அடுத்துத் தொடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள நேரத்தை அளந்துதான் நாம் மெல்லத் தொட்டோமா ஓங்கி அடித்தோமா என்று கீபோர்டு தெரிந்துகொள்கிறது. ஊர்த் திருவிழாவில் பறக்கும் மண், சாம்பிராணிப் புகை, மேடை வியர்வை எல்லாம் உள்ளே இறங்கி ஒரு புள்ளியை மூடிவிட்டால் கணக்கு குழம்பிவிடும். அதனால்தான் மெல்லத் தொட்டாலும் முழுச் சத்தத்தில் கத்துகிறது.

இதைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, தேய்ந்துபோன பட்டையை மாற்றினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். ஆனால் எக்ஸ்சேஞ்ச் மேஜையில் நான்கு கட்டை பேசவில்லையென்றால், சர்வீஸ் செலவைப்போல மூன்று மடங்கு குறைத்துக் கேட்பார்கள். உள்ளே வேறு என்ன போயிருக்குமோ என்ற பயத்துக்கும் சேர்த்து விலை வைக்கிறார்கள். எனவே கொண்டுபோவதற்கு முன்னால் தெரிந்த டெக்னீஷியனிடம் காட்டிச் சுத்தம் செய்துவிட்டுப் போங்கள். போட்ட செலவு திரும்பி வந்துவிடும்.

அடாப்டரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். யமஹா அடாப்டரில் நடு முனை பாசிட்டிவ். பழைய கேசியோ மாடல்கள் பலவற்றில் நடு முனை நெகட்டிவ். முனை நுழைகிறதே என்று ஒன்றின் அடாப்டரை இன்னொன்றில் சொருகினால் போர்டே போய்விடலாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழசை வாங்குகிறவர்கள் பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்ட்டேஜைப் படிக்காமல் கரண்ட் கொடுக்கவே கூடாது. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நம் வீட்டுச் சுவரில் 230. கம்பெனி அடாப்டரோடு வரும் பழைய கீபோர்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

“டோன் எல்லாம் இருக்கா தம்பி?” மெல்லிசை உலகத்தில் இந்தக் கேள்விக்குத் தனி மதிப்பு உண்டு. யமஹா பிஎஸ்ஆர்-ஐ500, ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 போன்றவை நம் நாட்டு வாத்திய ஒலிகளோடு இந்தியச் சந்தையை மனதில் வைத்து வந்தவை. அவற்றின் மேல், வாசிப்பவர் பல வருடம் உட்கார்ந்து உருவாக்கி வைத்த நாதஸ்வரமும் உறுமியும் எழுபதுகளின் வயலின் கூட்டமும் வேறு சேர்ந்திருக்கும். ஒரு பாட்டின் முன்னிசைக்கு எந்த டோன், எந்த வால்யூமில் வரவேண்டும் என்பதெல்லாம் அந்தக் கருவிக்குள் சேமித்த உழைப்பு. கடைகள் இதற்கென்று தனியாக ஒரு ரூபாயும் தருவதில்லை. ஆனால் அதே டோன்களைக் காட்டித்தான் அடுத்தவருக்கு விற்கிறார்கள். இது நியாயமில்லை என்பதே என் எண்ணம். கொடுப்பதற்கு முன்னால் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, டோன்களோடு என்றால் ஒரு விலை, எல்லாவற்றையும் அழித்துக் கம்பெனி நிலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு விலை என்று பேசுங்கள்.

கிடாரைத் துப்பாக்கிபோல் பிடிக்கும் கண்

கிடார் என்றால் பார்க்கும் விதமே மாறிவிடும். தலைப்பக்கத்தைக் கண்ணருகே கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடி, கழுத்து நெடுக ஒரு பார்வை. வளைந்திருக்கிறதா, முறுக்கியிருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். அக்கூஸ்டிக் கிடாரில் ஒரு செட் லைட் கம்பி முழுச் சுருதியில் நிற்கும்போது, கழுத்தின் மேல் எழுபது கிலோவுக்கு மேல் இழுவிசை இருக்கிறது. இரவும் பகலும் அந்த இழுவையைத் தாங்குவது மரமும் பசையும்தான். வெயிலில் நிறுத்திய காரில் மதியம் முழுக்கக் கிடந்த கிடாரின் பிரிட்ஜ் அடியில் பசை இளகி, கண்ணுக்குத் தெரியாமல் தூக்கியிருக்கும். கடைக்காரர் ஒரு காகிதத் துண்டை அங்கே நுழைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். காகிதம் உள்ளே போனால் விலை இறங்கிவிடும்.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது அடுத்தது. இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் என்றால் வாசிக்கச் சுகம். மூன்றைத் தாண்டினால் புதிதாகக் கற்கும் பிள்ளையின் விரல் நோகும். ட்ரஸ் ராடைத் திருகியோ, சேடிலைத் தேய்த்தோ சரிசெய்ய முடிந்தால் பிரச்சினை இல்லை. அதற்கும் மசியவில்லை என்றால் அந்தக் கிடாரை வாங்கவே வேண்டாம். கிடார் மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் பொருத்தம் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். கடற்கரை ஊர்க் காற்றின் ஈரம் பெரும்பாலான நாட்களில் அதைவிட அதிகம். ஏசி அறைக்குள் அது வேகமாக இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் மரம் உப்பிச் சுருங்குகிறது. சென்னையில் அலமாரி மேல் சும்மா கிடந்த கிடாரைவிட, உறைக்குள் வைத்து அடிக்கடி எடுத்து வாசித்த கிடார் நல்ல நிலையில் இருப்பதைக் கடைக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

மரம் என்றதும் இன்னொன்று. 2017 ஜனவரி முதல் ரோஸ்வுட் குடும்பத்து மரங்கள் முழுவதும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தோதகத்தி, அதாவது ஈட்டி மரமும் அதில் அடக்கம். கிடார் கம்பெனிகள் சில, விரல் பலகைக்கு வேறு மரங்களுக்கு மாறின. அவற்றில் ஒன்று, நம் காடுகளில் வளரும் கருமருது. 2019 நவம்பரில், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஆனால் பழைய கட்டுப்பாட்டைச் சாக்காக வைத்து, ‘இது பழைய ரோஸ்வுட் பீஸ் சார்’ என்று விலை ஏற்றுவது இன்னும் நடக்கிறது. ஆரம்ப விலைக் கிடாரில் இந்த வித்தியாசத்துக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஃப்ரெட் தேயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த ஃப்ரெட் முழுவதையும் மாற்றும் கூலி, சில கிடார்களின் விலையையே தாண்டிவிடும்.

ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய்க் கிடாரை எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோவதில் பிரயோசனமே இல்லை. கடை கொடுக்கும் பணம் ஆட்டோ செலவுக்குத்தான் சரியாக இருக்கும். கற்றுக்கொள்ள ஆசைப்படும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம்.

மைக் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1966-ல் வந்த ஷூர் எஸ்எம்58, மேடைப் பாடகர் கையில் உலகமெங்கும் பார்க்கக் கூடிய மைக். அதனாலேயே அதற்குப் போலிகளும் ஏராளம். அசலின் எடை 298 கிராம். பழசு வாங்கப் போகும்போது மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்க்கலாம். போலிகள் பல, தூக்கும்போதே இலேசாக இருக்கும்.

தாத்தாவின் வயலின்

இசைக்கருவிக் கடைக்காரர்கள் தயங்கித் தயங்கிப் பதில் சொல்லும் இடம் ஒன்று உண்டு. வீட்டுப் பெரியவர் காலமான பிறகு, குடும்பமே சேர்ந்து ஒரு வயலின் பெட்டியைக் கொண்டுவரும். எஃப் வடிவத் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே மஞ்சளேறிய சீட்டு. அதில் லத்தீனில் ஸ்ட்ராடிவாரியஸ் பெயர், கிரெமோனா நகரம், பதினேழாம் நூற்றாண்டோ பதினெட்டோ ஒரு வருடம். கோடிக்கணக்கில் போகுமாமே என்று பேரன் கேட்பான்.

கிரெமோனாவின் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1737-ல் இறந்தார். அவர் செய்ததில் இன்று மிஞ்சியவை 650 அளவில்தான், ஒவ்வொன்றும் எங்கே யாரிடம் இருக்கிறது என்பது பெரும்பாலும் பதிவாகியிருக்கிறது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மார்க்னாய்கிர்ஷன் வட்டாரத்திலும் பிரான்சின் மிரகூரிலும் வயலின் தயாரிப்பு பெரும் தொழிலாக நடந்தது. ஸ்ட்ராடிவாரியின் மாதிரியைப் பார்த்துச் செய்தது என்பதைச் சொல்ல, அவர் பெயர்ச் சீட்டை ஒட்டி உலகமெங்கும் அனுப்பினார்கள். அமெரிக்காவின் 1890-ம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. சீட்டின் அடியில் ஆங்கிலத்தில் ஜெர்மனி என்று இருந்தால் அந்தக் காலத்துக்குப் பிந்தையது என்று ஊகிக்கலாம்.

பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்திலிருந்து கர்நாடக இசைக்குள் வந்துவிட்ட வாத்தியம் இது. அந்த ஜெர்மன் வயலின்கள் நம் வீடுகளில் நூறு வருடம் நன்றாகவே பாடியிருக்கின்றன. மரம் நன்கு காய்ந்து, மேல்பலகையில் சவுண்ட் போஸ்ட் நிற்கும் இடத்தில் விரிசல் இல்லாமல் இருந்தால், இன்று கடையில் தொங்கும் ஆரம்ப விலை வயலினைவிட அது பல மடங்கு மேல். கோடி கிடைக்காது என்று தெரிந்ததும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போகும் குடும்பங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நல்ல வயலின் வித்வான் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், பிறகு முடிவெடுங்கள்.

சில பழைய வாத்தியங்களைக் கடை தொடவே தொடாது. தந்த வேலைப்பாடு பதித்த பழைய தஞ்சாவூர் வீணை, தந்தக் கட்டை வைத்த பழைய பியானோ இரண்டும் அப்படி. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தந்த வியாபாரத்துக்குத் தடை இருக்கிறது. பாட்டி சொத்து என்று சொன்னாலும் விற்க முடியாது. மிருதங்கத்திலோ, மாறுவது தோல், மிஞ்சுவது கட்டை. வைரம் பாய்ந்த பழைய பலாக் கட்டைக்காகத் தேடி அலையும் வித்வான்கள் உண்டு, அந்தப் பேரம் கடைக்கு வெளியே, மிருதங்கம் மூட்டுபவரின் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது.

விற்காமல் வைத்திருந்தவர்கள்

சென்னையில் இந்த வியாபாரத்துக்கு வயது அதிகம். மிஸ்கித் கம்பெனியாக 1842-ல் தொடங்கிய கடைதான் மியூசி மியூசிக்கல் என்ற பெயரில் இன்றும் அண்ணா சாலையில் இருக்கிறது. ஆனால் அக்கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவற்றை நடுத்தரக் குடும்பம் தொட முடிந்தது மிகப் பிந்தித்தான். 1991-ன் பொருளாதார மாற்றங்களுக்கு முன், வெளிநாட்டுக் கருவிக்கு இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கமும் சேர்ந்து கதவை அடைத்திருந்தன. சிங்கப்பூர் மாமா வரும்போது கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் பர்மா பஜாரில் தேட வேண்டும். அந்த நாட்களில் ஒரு கீபோர்டு ஊருக்குள் வந்தால் ஆறேழு கை மாறித்தான் ஓயும். இப்போது யமஹா 2019 முதல் சென்னைக்கு அருகிலேயே தொழிற்சாலை நடத்தி கீபோர்டும் அக்கூஸ்டிக் கிடாரும் செய்கிறது. ஆரம்ப நிலைக் கருவிகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. மேடைக்கு வேண்டிய பெரிய கருவிகள் வரவில்லை.

வெளிநாட்டுக் கருவி அவ்வளவு அரிதாக இருந்த காலத்தில், 1976-ல், இசையமைப்பாளர் ஆர்.கே.சேகர் மறைந்தபோது அவருடைய மகனுக்கு ஒன்பது வயது. வீட்டில் இருந்த வாத்தியங்களை விற்றுப் பணத்தைப் போட்டு வையுங்கள் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அந்தத் தாய் விற்கவில்லை. வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நடத்தினார். அந்த வாத்தியங்களோடு வளர்ந்த பையன்தான் ஏ.ஆர்.ரஹ்மான். வாத்தியம் என்பது வீட்டுக்கு வருமானம் தரும் சொத்து என்று தெரிந்த ஒரு தாயின் முடிவு அது.

எல்லோராலும் அப்படி வைத்திருக்க முடிவதில்லை. 2020-லும் 2021-லும் கொரோனாவால் கோயில் திருவிழாக்கள் நின்றபோது, மேடைக் கலைஞர்கள் பலர் கருவியை விற்றுத்தான் அரிசி வாங்கினார்கள். விற்க வந்தவர்கள் ஏராளம், வாங்க ஆளில்லை. அடிமாட்டு விலைக்குப் போனவற்றில் பல, நிலைமை சீரானதும் இரண்டு மடங்கு விலையில் திரும்ப வாங்கப்பட்டன. அவ்வளவு பெரிய துயரம் இல்லாத வருடத்திலும் சின்ன அளவில் இதே கதை நடக்கிறது. கச்சேரி இல்லாத அடைமழை மாதங்களில் பணமுடையில் விற்க வருகிறார்கள். தை பிறந்து சீசன் தொடங்கும்போது வாங்க வருகிறார்கள். கடைக்கு இது சாதகம், கலைஞருக்கு இரண்டு பக்கமும் நஷ்டம். விற்பதற்குப் பதில் கடையிலோ சக கலைஞரிடமோ வாடகைக்கு விட்டுவைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

கடைக்காரர்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. பழசை மதிப்பிட்டதும் வாயால் ஒரு தொகை சொல்லி நிறுத்தாதீர்கள். மாடல், சீரியல் நம்பர், நீங்கள் கண்டுபிடித்த குறைகள், ஒவ்வொன்றுக்கும் கழித்த தொகை, சொன்ன விலை எத்தனை நாள் செல்லும் என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ‘இரண்டு கட்டை பேசவில்லை: 1,500 கழிவு. அடாப்டர் இல்லை: 1,000 கழிவு’ என்று எழுதிவிட்டால், வந்தவர் அடாப்டரை வாங்கிக்கொண்டு நாளைக்கு வருவார், உங்களிடமே வருவார். அந்தச் சீட்டை இன்னொரு கடையில் காட்டி விலை கேட்பாரே என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். கேட்கட்டும். நியாயமாகப் போட்ட சீட்டு மற்ற கடையிலிருந்தும் ஆளை உங்களிடம் அனுப்பிவைக்கும். அதே கருவியை நீங்கள் விற்கும்போது, என்னென்ன மாற்றினீர்கள், எத்தனை மாதம் உத்தரவாதம் என்பதை எழுதி அந்தச் சீட்டோடு சேர்த்துக் கொடுத்தால், வாங்குகிறவர் பயமில்லாமல் பணத்தை எண்ணி வைப்பார்.

கலைஞர்கள் செய்ய வேண்டியது இதைவிடச் சின்ன வேலை. கருவியின் பின்பக்க சீரியல் நம்பரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில், கம்பெனி அடாப்டர், மேனுவல் மூன்றையும் பெட்டிக்குள் போட்டுப் பரணில் ஏற்றுங்கள். பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.